என் வீட்டுக்காரர் கணக்கில் நான்

பாப்பாரப்பட்டியில் மாவு மில் வைத்திருக்கும் கலைமதி என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் பாக்கெட் மாவு வாங்குகிறவர்கள். அவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இண்டூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கட்டுரைப் போட்டியில் முதல் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். போட்டியில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்த டம்ளர் கொடுத்த தெம்பில்தான், உலகத்தில் யார் எதை எழுதினாலும் அதில் குறை கண்டுபிடிக்கும் தகுதி எனக்கு உண்டு என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் முனிராஜ் எனக்கு நேர் எதிர். மில்லை ஒட்டியே அவருடைய கடை. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். அவர் பிறந்த வீட்டில் கன்னடம் பேசுவார்கள், வெளியில் தமிழ். அவர் பேசுவதை இரண்டு பாஷையிலும் சேர்த்துக் கூட்டினாலும் ஒரு நாளைக்கு ஒரு தபால் கார்டு நிரம்பாது. மோட்டார் கொண்டுவருகிறவர்கள் கரண்டைத் திட்டி, கிணற்றைத் திட்டி, மழையைத் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில், "வெச்சுட்டுப் போங்க" என்பார். அவ்வளவுதான்.

எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு தடவை நான் செல்போனைப் பற்றிப் பேசினேன். யாரும் பேசச் சொல்லவில்லை. மைக் சும்மா இருந்தது. "முகநூல்ல பேர் குடுக்கறதும் போட்டோ போடறதும், வூட்டுச் சாவிய நடுரோட்டுல வெச்சுட்டு வர்ற மாதிரி. செத்தாலும் நான் அதுல ஐடி ஆரம்பிக்க மாட்டேன்" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். அன்று சாயங்காலமே, அப்படி என்னதான் எழுதுகிறார்கள் என்று பார்க்கிற ஆசை எனக்கு வந்துவிட்டது.

கணக்கு ஆரம்பிக்காமலே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் 'பாப்பாரப்பட்டி மக்கள் மேடை'யை என் போனில் தேடிப் பிடித்தேன். யாரோ ஒருவர் மாமியார் மருமகள் சண்டை ஒன்றை எழுதியிருந்தார். மருமகள் பதில் சொல்ல வாயெடுக்கும் இடத்தில், திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நின்றது. கணக்கு இருந்தால் உள்ளே வா, இல்லையென்றால் புதிதாக ஆரம்பி என்றது. விரலால் ஓரமாகத் தள்ளிப் பார்த்தேன். போனைப் படுக்கவைத்துப் பார்த்தேன். அது நகரவில்லை.

நேராக எதிர்க்கடை ஃபைஸிடம் சண்டைக்குப் போனேன். அவன் செல்போன் கடை வைத்திருப்பதால், செல்போனுக்குள் நடக்கும் அத்தனைக்கும் அவனே பொறுப்பு என்பது என் எண்ணம்.

"ஏம்ப்பா, சந்தைக்குள்ள போறவங்கள வாசல்ல நிறுத்திப் பேர் கேக்கறாங்களா? சும்மா பாக்கறதுக்கு எதுக்குப் பேரும் நம்பரும்?"

"அக்கா, சந்தையில எல்லாருக்கும் ஒரே கத்திரிக்காதான். இங்க ஆளுக்கு ஆள் வேற வேற காட்டுவான். நீங்க யாரு, எத நின்னு பாக்கறீங்கன்னு தெரிஞ்சாத்தான் உங்களுக்குப் புடிச்சதா எடுத்து முன்னால வெக்க முடியும். விளம்பரம் குடுக்கறவன் அதுக்குத்தான் வர்றான். அப்பறம், நாளைக்கு யாராச்சும் கண்டபடி எழுதினா, எழுதினது யாருன்னு கேக்கணும்ல?"

"நான் எதுக்கு எழுதறேன்? படிக்கத்தான் போறேன்."

"அப்பவும் ஐடி வேணும்க்கா. குடுங்க, இப்பவே போட்டுத் தர்றேன்."

மைக்கில் பேசியது நினைவுக்கு வந்தது. "அதெல்லாம் எனக்கு ஒத்துவராது" என்று கௌரவமாகத் திரும்பி வந்தேன். வந்த வேகத்தில் என் வீட்டுக்காரர் போனை எடுத்தேன்.

அவர் அந்தப் போனை வாங்கியபோது, தொழிலுக்கு உதவும் என்று ஃபைஸே அவர் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்திருந்தான். முகப்பில் ஒரு மோட்டாரின் படம். அவர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. மதியம் சாப்பிட்டதும் அவர் கடைக்குள்ளேயே பாய் விரித்துப் படுப்பார். மில்லிலும் அந்நேரம் கூட்டம் இருக்காது. எந்தப் பெட்டியும் குறுக்கே வராமல் முழுச் சண்டையையும் படித்தேன். மருமகள் சொன்ன பதில் அப்படி ஒன்றும் நன்றாக இல்லை. நானாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

படிப்பதோடு நின்றிருக்கலாம். ஒரு நாள் ஒருவர் களி கிண்டுவது எப்படி என்று எழுதியிருந்தார். பச்சைத் தண்ணீரில் ராகி மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றிக் கிளற வேண்டுமாம். ராகி அரைத்தே பிழைக்கிறவள் இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? "ஐயா, நீங்கள் சொல்கிறபடி செய்தால் கிடைப்பது களி அல்ல, போஸ்டர் ஒட்டுகிற பசை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். மாவைக் குவியலாகக் கொட்டிவிட்டு, அது வேகும்வரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். பிறகு கட்டையைப் போட்டுக் கிளறுங்கள். களிக்குப் பாதி மாவு, பாதி பொறுமை" என்று தட்டி அனுப்பிவிட்டேன். பொறுமையைப் பற்றி எழுதும்போதே எனக்குக் கை பரபரத்துக்கொண்டிருந்தது. அனுப்பிய பிறகுதான், மேலே முனிராஜ் என்ற பெயரும் மோட்டாரும் இருப்பதைக் கவனித்தேன்.

மறுநாள் திறந்தால் ஊரே விருப்பக்குறி போட்டிருந்தது. 'முனிராஜ் அண்ணா, செம!' என்றார் ஒருவர். 'மோட்டாருக்குள்ள இப்படி ஒரு தமிழா!' என்றார் இன்னொருவர். டம்ளருக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் பரிசு. விட முடியுமா? நானே எழுத ஆரம்பித்தேன். மில் வரிசையில் கேட்ட பேச்சு, கை நீட்டியும் நிற்காமல் போன பஸ், கல்யாண வீட்டில் ஒப்புட்டுப் போளி தீர்ந்துபோனதால் வந்த மனஸ்தாபம், எதையும் விடவில்லை. எல்லாம் அவர் பெயரில், அவர் தூங்கும்போது.

ஒரு காலையில் நான் மாவு அள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடைக்கு வந்த ஒருவர் பேசுவது கேட்டது.

"அண்ணா, நேத்து நீங்க போட்டது பிரமாதம்ங்க."

என் வீட்டுக்காரர் முந்தின நாள் ஒரு போர்வெல் மோட்டாரைச் சரிசெய்து கிணற்றில் இறக்கிப் போட்டிருந்தார். "ஓடுதுங்களா?" என்று கேட்டார்.

"எங்க பாத்தாலும் அதான் ஓடுது!"

"சூடாவுதுங்களா?"

"ரெண்டு மூணு பேருக்குச் சூடாயிடுச்சு. விடுங்க, உள்ளததான சொன்னீங்க."

என் வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ரொம்பச் சூடானா அவங்கள இங்க எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பாக்கலாம்."

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனார். முனிராஜ் எழுத்தில் மட்டுமல்ல, பேச்சிலும் குறும்புக்காரர் என்று அதன் பிறகு ஊரில் பேச்சானது.

இதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எங்கள் குழுத் தலைவி தீர்த்தம்மாள் ராகி அரைக்க வந்தபோது தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கலை, உங்க வூட்டுக்காரர் எழுதினத படிச்சியா? பொம்பளைங்க கஷ்டம் இந்த மனுஷனுக்குத்தான் தெரியுது. நீ குடுத்து வெச்சவ. இங்க நின்னு வாயடிக்கற நேரத்துல இதயெல்லாம் படிச்சா நாலு விஷயம் தெரிஞ்சுக்கலாம்ல?"

சொன்னதோடு விடாமல், நான் எழுதியதை எனக்கே உரக்கப் படித்துக் காட்டினார். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த வரி அது. எடுத்துச் சொல்லவும் முடியாமல், "ஆமாங்க, நல்லாத்தான் எழுதறாரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். புருஷன்மேல் பொறாமைப்படுகிற பெண்கள் இருக்கலாம். தான் எழுதியதற்காகவே புருஷன்மேல் பொறாமைப்பட்டவள் தர்மபுரி மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் அந்தக் கணக்குக்கே குழப்பம் வந்துவிட்டது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு ஃபைஸ் கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஃபைஸு, இதத் தொறந்தா நைட்டி நைட்டியா வருது."

"நீங்க எத நின்னு பாக்கறீங்களோ அதுதாண்ணே வரும்."

"நான் நைட்டிய எதுக்குப் பாக்கறேன்?"

ஃபைஸ் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். "நீங்க பாக்கலண்ணே. ஆனா இதுக்குள்ள இருக்கற முனிராஜ் பாக்கறாரு" என்றான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று சாயங்காலம் ஃபைஸ் வீட்டுக்கு ஒரு தூக்கு நிறையக் கம்பு மாவு இலவசமாகப் போனது.

கம்பு மாவால் மூடி வைக்க முடியாத விஷயம் ஒன்று பிறகு நடந்தது. ஊருக்கு வெளியே உள்ள ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து தமிழாசிரியர் கடைக்கு வந்தார்.

"ஐயா, வெள்ளிக்கிழம காலையில நீங்க நம்ம பள்ளிக்கூடத்துக்கு அவசியம் வரணும்."

"வர்றேங்க. என்ன, மேல ஏறலீங்களா?"

"எங்கங்க ஏறுது? நாங்களும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டோம், புள்ளைங்களுக்கு ஒன்னுமே ஏறல. அதான் உங்களக் கூப்புடறோம்."

"ஏத்திடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

வெள்ளிக்கிழமை ஸ்பேனர் பெட்டியோடு கிளம்பினார். திரும்பி வரும்போது ஒரு கையில் பெட்டி இருந்தது. தோளில் ஜரிகைச் சால்வை இருந்தது.

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது. சால்வ போட்டாங்க" என்றார்.

"எதுக்காம்?"

"எழுத்தாளர்னாங்க."

"பேசச் சொன்னாங்களா?"

"ம். தொட்டி நெறஞ்சதும் மோட்டார நிறுத்திடுங்க, நெறஞ்சப்பறமும் ஓடுனா எரிஞ்சுடும்னேன். உக்காந்துட்டேன்."

கைதட்டல் அடங்கவே இல்லையாம். போதும் என்கிற மனசைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்று நன்றியுரையில் உருகினார்களாம். நானாக இருந்தால் அந்த மேடையில் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். ஒரு கைதட்டல்கூடக் கிடைத்திருக்காது.

அவர் போனை என் முன்னால் வைத்தார். "இதுல முனிராஜுன்னு ஒருத்தர் எழுதறாரு. யாரு அது?"

"நான்தான்" என்றேன். வெட்கப்பட வேண்டிய இடம். ஆனால் குரலில் பெருமைதான் வந்தது.

அவர் ஒரு பழைய மோட்டாரின் மேல் உட்கார்ந்து, உதட்டை அசைத்து அசைத்து எல்லாவற்றையும் படித்தார். வந்தவர்களைக் கவனிக்கவில்லை. ஓர் இடத்தில் சிரித்தார். எட்டிப் பார்த்தேன். பேசவே பேசாத ஒரு புருஷனைப் பற்றி எழுதியது அது.

"இது நானா?"

"சேச்சே, பொதுவா எழுதினதுங்க."

"நான்தான். நல்லா இருக்குது" என்றார். பிறகு, "எழுது. ஆனா எழுதினா எனக்கு ஒரு வார்த்த சொல்லிடு. ரோட்டுல போறவங்கல்லாம் கேக்கறாங்க."

சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன். அடுத்ததை எழுதும்போதே மறந்துவிட்டேன். அந்த அடுத்தது, பச்சியப்பண்ணாவைப் பற்றியது.

பச்சியப்பண்ணா பெரிய விவசாயி. மூன்று நான்கு கிணற்று மோட்டார் எங்கள் கடைக்குத்தான் வரும். ஊரில் கடை திறந்தாலும், கிரிக்கெட் போட்டி ஆரம்பித்தாலும், ரிப்பன் வெட்ட அவர்தான் வருவார். நான் பெயர் போடாமல் எழுதினேன்: "எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார். ரிப்பனை எங்கே கண்டாலும் அவர் கை சும்மா இருக்காது. அவர் வீட்டுப் பெண் குழந்தைகள் சடையில் ரிப்பன் கட்டவே பயப்படுகிறார்களாம்." எழுதிவிட்டு நானே சிரித்தேன். ஊரும் சிரித்தது.

அதன் பிறகு பச்சியப்பண்ணா எங்கள் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போக ஆரம்பித்தார். அவர் மோட்டார் பென்னாகரம் கடைக்குப் போனது. "அண்ணா ஏன் பாக்காத மாதிரியே போறாரு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "வயசாவுதுல்ல, கண்ணு தெரியாம இருக்கும்" என்றேன். கழனியின் அந்த மூலையில் நிற்கிற ஆட்டைக்கூட அடையாளம் சொல்கிற மனுஷன் அவர்.

ஒரு நாள் அவரே கடைக்குள் வந்து நின்றார்.

"முனிராஜு, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"ஒன்னும் இல்லீங்களேண்ணா."

"அப்பறம் ஏன் இப்பிடி எழுதின? எம் பேத்திங்க என்னக் கண்டாலே சடையப் புடிச்சுட்டு ஓடுதுங்க. வூட்டுல எல்லாரும் சிரிக்கறாங்க."

போனை வாங்கி என் வீட்டுக்காரர் படித்தார். நான் மில்லை நிறுத்திவிட்டுக் கேட்டேன். எழுதியது நானில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தப்புதாங்கண்ணா. எடுத்துடறேன்."

தன் போனை எடுத்து எதையோ அழுத்தினார். டார்ச் எரிந்தது. இன்னொன்றை அழுத்தினார். கேமரா திறந்து அவர் மூக்கைக் காட்டியது. கடைசியில், "கலை, செத்த வா. இத எப்பிடி எடுக்கறது?" என்றார்.

மாவுக் கையோடு போனேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தப் பதிவைக் கண்டுபிடித்து, அழிக்கும் இடத்தில் விரலை வைத்துவிட்டேன். பச்சியப்பண்ணா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓ... நீயாம்மா?"

விரலை அப்படியே வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"உம் பேர் போட்டு எழுதியிருந்தா அன்னைக்கே மில்லுக்கு வந்து உங்கூட சண்ட போட்டுட்டு, அன்னைக்கே மறந்திருப்பேன். இத்தன நாளா இந்த அப்புராணி மூஞ்சியில முழிக்காம போய்ட்டு வந்துட்டு இருந்தேன். இவனுக்குள்ளயா இவ்ளோ விஷம்னு எனக்குச் சோறு எறங்கல."

"எடுத்துடறேங்கண்ணா."

"எடுக்காத. ஊரே படிச்சாச்சு. இப்ப எடுத்தா, நான் வந்து மெரட்டுன மாதிரி ஆயிடும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "நானாப் போயி ஒன்னையும் வெட்டல. கூப்புடறாங்க, போறேன். அதயும் எழுதியிருக்கணும்."

"எழுதறேங்கண்ணா."

"உம் பேர்ல எழுது."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்: "பேர் எழுதாத டப்பாவ நீ அரைப்பியா?"

அரைக்க மாட்டேன். மூடியில் பெயர் இல்லாத டப்பாவை நான் வாங்கி வைப்பதே இல்லை. யாருடைய மிளகாயோ யாருடைய கோதுமையிலோ கலந்து, பிறகு யார் வந்து கத்துவது? வருகிறவர்கள் எல்லாரிடமும் இதைச் சட்டமாகப் பேசுகிறவள் நான். அன்றே ஃபைஸ் கடைக்குப் போனேன்.

அங்கேயும் என் மானம் மிஞ்சவில்லை. கலைமதி என்று இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். திரையில் கலைமதிகள் வரிசையாக வந்தார்கள், எல்லாரும் என்னைவிட இளமையாக. பிறந்த வருஷம் கேட்டதும் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். "அக்கா, அப்ப உங்க மகன் பொறந்தப்ப உங்களுக்கு என்ன வயசு?" என்றான் ஃபைஸ். சரியாகவே சொன்னேன். படத்துக்கு ராகிக் கதிர் போதும் என்றேன். முகம் இல்லையென்றால் போலிக் கணக்கு என்று நினைப்பார்கள் என்றான். அங்கேயே நிற்கவைத்து எடுத்தான். புருவம் வெள்ளையாக, மாவு மூட்டைக்குள்ளிருந்து எழுந்து வந்தவள் மாதிரி அதில் இருக்கிறேன்.

நான் ஐடி ஆரம்பித்த செய்தி அதற்குள் பரவிவிட்டது. மறுநாள் மில்லுக்கு வந்த தீர்த்தம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "செத்தாலும் ஆரம்பிக்க மாட்டேன்னு மைக்குல சொன்னியே. உடம்புக்கு ஒன்னும் இல்லியே?"

என் பெயரில் முதலில் எழுதியது பச்சியப்பண்ணாவுக்குக் கொடுத்த வாக்கு. அவர் தானாகப் போவதில்லை, நாம்தான் கூப்பிடுகிறோம், கூப்பிட்டுவிட்டு முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறோம், சிரித்ததில் முதல் ஆள் நான் என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், நான் எழுதியதிலேயே நல்லது அதுதான். ஆவலோடு திறந்து பார்த்தேன்.

'முனிராஜ் அண்ணன் ஸ்டைலை அப்படியே காப்பி அடிக்கிறீங்க. சொந்தமா ட்ரை பண்ணுங்க' என்று ஒருவர். 'அண்ணியா, இல்ல ஃபேக் ஐடியா?' என்று இன்னொருவர். அந்தத் தமிழாசிரியரும் வந்திருந்தார்: 'கணவர் வழியில் துணைவியாரும் எழுத வந்திருப்பது மகிழ்ச்சி. அவரிடம் காட்டித் திருத்திக்கொண்டால் இன்னும் மெருகேறும்.'

மில்லில் தகர டப்பாவை நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். தன் போனை எடுத்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, மதியத் தூக்கத்தையும் விட்டுவிட்டு எழுதினார். அவர் பெயரில் அவரே எழுதிய முதல் பதிவு: 'எழுதுனது எல்லாம் என் சம்சாரம். நான் மோட்டர் மட்டும்.'

முனிராஜ் பெயரில் வந்த எதற்கும் அவ்வளவு விருப்பக்குறி விழுந்ததில்லை. 'என்ன ஒரு தன்னடக்கம்!' என்றார்கள். மனைவிக்காகத் தன் எழுத்தையே விட்டுக்கொடுக்கும் மனசு யாருக்கு வரும் என்று கேட்டார்கள். 'மோட்டர்' என்று எழுதியதுகூட வேண்டுமென்றே செய்த குறும்பாம்.

"நம்புனாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"சரி" என்று காயில் சுற்றப் போய்விட்டார்.

நான் இப்போதும் என் பெயரில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர். அதிலும் பாதிப் பேர் கீழே வந்து கேட்பது, 'கம்பு அரைச்சாச்சா?' என்று. இதெல்லாம் நான் எழுதுவதுதான் என்று சந்தேகமே இல்லாமல் நம்புகிற வாசகர் பச்சியப்பண்ணா ஒருவர்தான். எதை எழுதினாலும் முதல் ஆளாக வந்து, 'இது அப்படி நடக்கவில்லை' என்று ஆரம்பிக்கிறார். நேற்று அங்கே எழுதி முடிக்க இடம் போதவில்லை என்று மில்லுக்கே நேரில் வந்துவிட்டார். அரைக்க வந்தவர்கள் டப்பாக்களோடு காத்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போட்டோம்.